வைஃபை மெதுவாக இருக்கிறதா? முதலில் கேபிளை மாட்டிப் பாருங்கள்

நெட் இழுத்துக்கொண்டே இருந்தால் உடனே புகார் செய்ய வேண்டாம். லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரவுட்டரோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். அதில் நன்றாக வந்தால் சிக்கல் வைஃபையில்தான்.

நான் பார்த்தவரை பெரும்பாலும் ரவுட்டர் இருக்கும் இடமே காரணம். டிவிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரியை ஒட்டியோ ஒளித்து வைத்திருப்பார்கள். உலோகம் சிக்னலை மறித்துவிடும். வீட்டின் நடுவில், சற்று உயரத்தில், மறைப்பில்லாமல் வையுங்கள்.

ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வேலை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள், வேகம் அதிகம். இரண்டு சுவர் தாண்டினால் 2.4 தான் கைகொடுக்கும். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் நெட் திணறுகிறதா? அதுவும் அதே 2.4 அலைவரிசையில் இயங்குவதுதான் காரணம். பக்கத்து வீட்டு வைஃபை குறுக்கிட்டால் ரவுட்டர் செட்டிங்ஸில் 2.4-இன் சேனலை (அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தடத்தை) 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.