ஒரு கல், இரண்டு மாங்காய், மூன்று மொழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில், மாலையில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஆங்கிலம் படிக்க வருவார்கள். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று படித்துவிட்டு, "இதில் மழை சரி, பூனையும் நாயும் எதற்கு அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. சொல் சொல்லாகப் பிரித்தால் மரபுத்தொடர் புரியாது. அடைமழை, கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அவ்வளவுதான்.

அதனால் நோட்டில் அர்த்தத்தை மட்டும் எழுதாமல், அதே சமயத்தில் நாம் சொல்லும் தமிழ்த் தொடரையும் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்தாற்போல. ஒரே மாதத்தில் இரண்டாவதாக வரும் முழுநிலவை ப்ளூ மூன் என்பார்கள், ஏறக்குறைய 2.5 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசல்' என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நியூகாசல், இங்கிலாந்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கில் டூ பர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்'. நமக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மலாயில் 'சம்பில் மெஞெலாம் மினும் ஆயெர்', அதாவது முங்கும்போதே தண்ணீரும் குடிப்பது. பள்ளியில் மலாய்ப் பழமொழியும் படிப்பதால் மூன்றும் சேர்ந்து மனதில் நின்றுவிடும்.

ஆனால் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலக் கட்டுரையில் மாங்காயை எழுதிவிடாதீர்கள், அங்கே பறவைதான். அப்புறம், 'பீஸ் ஆஃப் கேக்' (மிகச் சுலபம்) மாதிரியானவை பேச்சுக்குச் சரி. அலுவல் கடிதத்தில் வேண்டாம்.