வந்த புதிதில்: ஆள்கடத்தலில் சிக்குபவர் யார்?

ஆள்கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வண்டியில் தூக்கிப் போடுவதுதான் நினைவுக்கு வரும். பெரும்பாலும் நடப்பது அப்படியல்ல. முறையான விசாவில், வீட்டார் வழியனுப்ப விமானம் ஏறியவரும் சிக்கலாம். ஏமாற்றியோ மிரட்டியோ, ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்தியோ ஆள்சேர்த்துச் சுரண்டினால் அது ஆள்கடத்தல்தான் என்கிறது 2000-இல் ஐ.நா. ஏற்ற பலேர்மோ நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தம். "நானாகத்தானே ஒத்துக்கொண்டு வந்தேன்" என்று பலர் வாய் திறப்பதில்லை. ஏமாற்றி வாங்கிய சம்மதம் செல்லாது. 18 வயதுக்குட்பட்டவர் என்றால், ஏமாற்றினார்களா என்ற கேள்விகூட வேண்டியதில்லை.

படிக்காதவர்தான் ஏமாறுவார் என்று நினைத்தால் தப்பு. ஆட்களை அடைத்துவைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைக் கட்டாயமாகச் செய்யவைக்கும் தென்கிழக்கு ஆசியாவின் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் சிக்கியவர்களில் கணினி தெரிந்த பட்டதாரிகளும் உண்டு. ஆளின் அறிவைவிட அவர் மாட்டியிருக்கும் நிலைமைதான் காரணம்.

முதலில் கடன். ஏஜென்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கி வந்தவர், சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறு என்றாலும் திரும்பிப் போக மாட்டார். பாதிச் சம்பளம் வந்தாலும் வட்டிக்காவது ஆகுமே என்று நிற்பார். அப்புறம் விசா. அது ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தால், வேலையை விட்டால் நாட்டை விட்டே போக வேண்டுமோ என்ற பயம். காலாவதியாகிவிட்டால் இன்னும் மோசம்: புகார் கொடுக்கப் போனால் தன்னையே பிடித்துக்கொள்வார்களோ? சுரண்டுகிறவனுக்கு இந்தப் பயமே போதும், கதவைப் பூட்டத் தேவையில்லை. உள்ளூர்த் தொழிலாளர்களைவிடப் புலம்பெயர்ந்தவர்கள் கட்டாய உழைப்பில் சிக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் மதிப்பிட்டது. வீட்டு வேலைக்கு வந்தவர்களின் பாடு தனி. நான்கு சுவருக்குள் நடப்பதற்குச் சாட்சி ஏது?

சொல்லச் சங்கடம்தான், ஆனாலும் சொல்கிறேன்: நம் மொழி பேசுகிறார் என்பதற்காக யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மொழி தெரியாத ஊரில் "எல்லாம் நான் பாத்துக்கறேன் தம்பி" என்ற குரல் கேட்டால் மனம் இளகிவிடும். அவரே வேலையும் தந்து, தங்க இடமும் தந்து, சம்பளத்தையும் "சேர்த்து வைக்கிறேன்" என்றால் உஷாராகுங்கள்.

பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அதன் படம் ஒன்றை ஊரிலுள்ள நம்பிக்கையானவருக்கு அனுப்பிவையுங்கள். வேலை செய்த மணிநேரத்தையும் வாங்கிய பணத்தையும் தினமும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புகார் கொடுக்க நேர்ந்தால் அதுவே ஆதாரம். ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கிக்கொள்ளப் பல நாடுகள் அனுமதி தருகின்றன. விசா போய்விட்டதே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். தங்கியிருக்கும் இடத்தின் முழு முகவரியை இன்றே மனப்பாடம் செய்யுங்கள். அவசர உதவிக்கு அழைத்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.