ஓர் இயக்குநரின் பாணியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மகேந்திரன் படம் என்றால் வசனமே இருக்காது." இந்த வரியை எத்தனை கட்டுரைகளில் படித்திருப்போம்! நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் 'முள்ளும் மலரும்' (1978) படத்தை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன். கடைசிக் காட்சி. இன்ஜினீயரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்பிய வள்ளி, பாதி வழியில் மனசு கேட்காமல் அண்ணனிடமே ஓடி வருகிறாள். அந்தக் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்ற அண்ணன் காளி பேசுகிறான். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுகிறான். தங்கையை இன்ஜினீயரோடு அனுப்பி வைக்கும்போதுகூட, உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறான். படம் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்வது இந்தப் பேச்சைத்தான். போதாததற்கு, வசனத்துக்காகவே கொண்டாடப்பட்ட 'தங்கப்பதக்கம்' (1974) படத்தை எழுதியவரும் இதே மகேந்திரன்தான்.

அப்படியானால் அவருடைய பாணி என்ன? அடுத்த ஆண்டு வந்த 'உதிரிப்பூக்க'ளின் முடிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரே திரண்டு, எல்லோரையும் கொடுமைப்படுத்திய சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டு வந்து நிறுத்துகிறது. நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு, உங்களையெல்லாம் என்னைப் போல் மாற்றியதுதான் என்கிறான். சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறான். இரண்டு படங்களிலும் கடைசிப் பேச்சு தப்புச் செய்தவனுடையது. நல்லவர் யாரும் எழுந்து நியாயம் சொல்வதில்லை. வசனம் குறைவு என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், மற்ற படங்களில் விளக்கம் சொல்லும் ஆட்களை மகேந்திரன் பேசவிடாமல் வைத்திருப்பதுதான். நாம் செய்த முதல் தவறு, எவ்வளவு பேச்சு என்று அளந்துவிட்டு, யார் பேசுகிறார், எப்போது பேசுகிறார் என்பதைக் கவனிக்காமல் விட்டது.

கதை நடக்கும் இடத்தைப் பாணி என்று எழுதுவது அடுத்த தவறு. பாரதிராஜா என்றால் கிராமம் என்று முடித்துவிடுகிறோம். '16 வயதினிலே'யும் (1977) 'கிழக்கே போகும் ரயி'லும் (1978) கிராமத்துக் கதைகள்தான், சரி. ஆனால் அதே 1978-இல் நகரத்துப் பங்களாவில் நடக்கும் கொலைக் கதையான 'சிகப்பு ரோஜாக்க'ளையும் எடுத்தார். 1980-இல் வேலையில்லாத பட்டணத்து இளைஞர்களைப் பற்றி 'நிழல்கள்'. கிராமம் அவருக்கு நன்றாகத் தெரிந்த களம். பாணியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், களம் மாறிய பிறகும் கூடவே வந்தது எது என்று பார்க்க வேண்டும். உணர்ச்சி உச்சிக்குப் போகும் நொடியில் ஒரு படிமத்தைச் சட்டென்று வெட்டிக் காட்டுகிற அந்தப் படத்தொகுப்பு முறையிலிருந்து தேடலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவது தவறைப் பற்றி. ஒளிப்பதிவாளரின் உழைப்பை இயக்குநர் பெயரில் எழுதிவிடுகிறோம். மணிரத்னத்தின் 'இருட்டு' என்று கேலியாகவும் பாராட்டாகவும் பேசப்பட்டதெல்லாம் 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987), 'அக்னி நட்சத்திரம்' (1988) ஆகிய படங்களை ஒட்டி எழுந்த பேச்சு. மூன்றுக்கும் ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம். 'அஞ்சலி' மது அம்பாட் செய்தது. 'தளபதி'யும் 'ரோஜா'வும் சந்தோஷ் சிவன். 'தளபதி'யில் சூரியன் கதையோடு பிணைந்து நிற்கிறது, அதை எந்தக் கணக்கில் இருட்டு என்பது? இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரே இயக்குநர் வெவ்வேறு ஒளிப்பதிவாளர்களோடு செய்த மூன்று படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். ஆள் மாறியதும் மாறியவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். மாறாமல் நின்றவை இன்னொரு பக்கம். அந்த இரண்டாம் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் இயக்குநரைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டும். முதல் பக்கத்தில் இருப்பதை அதைச் செய்தவர் பெயரோடு எழுதுங்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

சத்யஜித் ராயின் படங்களில் வீட்டுக்குள் பரவும் மென்மையான ஒளியும் இப்படித்தான். 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் அமைத்தார்கள். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை அங்கே எப்படிக் கொண்டு வருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் தெறிக்கச் செய்தார். அழகு என்று நாம் எழுதுவது, ஒரு சிக்கலுக்கு ஒரு தொழில்நுட்பக் கலைஞர் கண்ட தீர்வு.

இனி ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு. இவரைப் பற்றி எல்லோரும் சொல்வது, தரையில் பாய்மேல் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் கேமரா வைப்பார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. அளந்து பார்த்தால் பொருந்தவில்லை. உட்கார்ந்திருப்பவரின் கண்ணைவிடவும் தாழ்வாகத்தான் கேமரா இருக்கிறது. அலுவலகத்திலும் தெருவிலும், பாயே இல்லாத இடங்களிலும், அதே தாழ்வு. ஒரு பண்பாட்டு விளக்கம் கையில் கிடைத்ததும் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், அதுதான் இங்கே நடந்திருக்கிறது.

ஓசு பிறவியிலேயே அப்படி எடுத்தவரும் இல்லை. 1932-இல் அவர் எடுத்த 'நான் பிறந்தேன், ஆனால்...' என்ற மௌனப் படத்தில் கேமரா தாராளமாக நகர்கிறது. பிறகு ஒவ்வொன்றாக விட்டார். கடைசிக் காலத்தில் நகர்வு ஏறக்குறைய நின்றே போனது. அந்த விடுதலின் பலனை 'பிந்திய வசந்தம்' (1949) படத்தின் முடிவில் பார்க்கலாம். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பிய அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் தோலைச் சீவுகிறார். தோல் அறுபடாமல் சுருள் சுருளாகக் கீழே நீள்கிறது. கை நிற்கிறது. தலை மெல்லக் கவிழ்கிறது. கேமரா பக்கத்தில் போய் ஆறுதல் சொல்வதில்லை. குறும்படம் எடுக்கும் நண்பர்கள் கேமராவைத் தரைக்கு இறக்கிவிட்டு, அப்படியே முகத்தை நோக்கி நகர்த்தி, வயலினையும் சேர்த்துவிட்டு ஓசுவின் பாணி என்கிறார்கள். உயரத்தை எடுத்துக்கொண்டார்கள், பொறுமையை விட்டுவிட்டார்கள்.

அடையாளம் தெரிந்தாலே சிறப்பு என்று நினைப்பதும் தவறுதான். 1954-இல் பிரெஞ்சு விமர்சகர் த்ரூஃபோ எழுதிய கட்டுரையிலிருந்து, படத்தின் உண்மையான ஆசிரியர் இயக்குநரே என்ற வாதம் வலுப்பெற்றது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸுக்கு 1963-இல் இன்னொரு அமெரிக்க விமர்சகரான பாலின் கேல் பதில் எழுதினார். ரோஜாவின் மணத்தைவிட ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை எளிதாகக் கண்டுகொள்ளலாம், அதனால் அது உயர்ந்ததாகிவிடுமா என்று கேட்டார். ஒரு ஷாட்டைப் பார்த்ததும் இன்னாருடையது என்று சொல்ல முடிகிறது என்றால் அது தகவல். அந்த ஷாட் அந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

பழகிய அடையாளம் இல்லாத படம் வந்தால் 'சரக்கு தீர்ந்துவிட்டது' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். ஓசு கேமராவை நிறுத்திய நாளில், ஓடிக்கொண்டிருந்த கேமராவை விரும்பியவர்களும் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை எழுத உட்காருமுன் ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, எத்தனை ஷாட், ஒவ்வொன்றும் யார் மேல் முடிகிறது என்று குறியுங்கள். பிறகு திரையைத் திருப்பி வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். அதே இயக்குநரின் இன்னொரு படத்தில் அதே மாதிரியான ஒரு காட்சியை, ஒரு பிரிவையோ ஒரு சண்டையையோ, இதே போல் குறித்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் வையுங்கள். காளியின் பேச்சும் சுந்தரவடிவேலுவின் பேச்சும் எனக்கு அப்படித்தான் ஒரே வரிசையில் வந்து நின்றன.