ஆயில் பிரஷர் சுவிட்ச் லீக், சரி பண்ண கதை

நம்ம பழைய மாருதி 800 இன்ஜினை ஓவர்ஹால் பண்ணி மாட்டின மூணாவது நாளே ஆயில் பிரஷர் சுவிட்ச் (ஆயில் அழுத்தம் குறைஞ்சா எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கிறது) கிட்ட ஆயில் சொட்ட ஆரம்பிச்சிடுச்சு, கழட்டிப் பார்த்தா மெக்கானிக் அதோட மரையில டெஃப்லான் டேப்பை நுனி வரைக்கும் சுத்தியிருக்காரு, அதுல ஒரு நூல் பிஞ்சு ஆயில் ஓட்டைக்குள்ள தொங்குது. பக்குனு ஆயிடுச்சு. அந்தத் துணுக்கு பேரிங்குக்குப் போற வழியை அடைச்சா இன்ஜினே போச்சு! ட்வீசரால மெதுவா எடுத்துட்டு, துணியில பிரேக் கிளீனர் நனைச்சு மரையை ரெண்டு பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாம துடைச்சேன். அப்புறம் லிக்விட் த்ரெட் சீலன்ட் (மரை இடுக்கை அடைக்கிற திரவம்), நுனியில ரெண்டு மரையை விட்டுட்டு மீதியில தடவி சுவிட்சை மாட்டினேன். இது டேப்பர் மரை, அதாவது நுனி ஒடுங்கினது, போகப் போக இறுகும், ரொம்ப முறுக்கினா மாட்டுற இடம் விரிசல் விட்டுடும். ராத்திரி முழுக்க காய விட்டேன். டிரெயின் பிளக்குக்கு (பழைய ஆயிலை இறக்க அடியில கழட்டுற போல்ட்) இதெல்லாம் வேண்டாங்க, அங்க வாஷர்தான் சீல் பண்ணுது, புதுசா ஒண்ணு போட்டாலே போதும். காலையில அடியில அட்டை விரிச்சு அரை மணி நேரம் ஓட விட்டேன், ஒரு சொட்டு விழல.