இ.எஸ்.டி. பழகுவோருக்கு: கிளிப்பும் பல் நூலும் வைத்துத் திசுவைத் தூக்கிப் பிடிப்பது எப்படி?

இரைப்பையில் தட்டையாகப் படர்ந்த ஆரம்பநிலைப் புற்று 2 செ.மீ.யைத் தாண்டிவிட்டால், கம்பிக் கண்ணி போட்டு ஒரே துண்டாக எடுப்பது கஷ்டம். அதற்காக 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் வளர்ந்த முறைதான் இ.எஸ்.டி. (எண்டோஸ்கோப் வழியே மின்கத்தியால் சப்மியூகோசா அடுக்கை அறுத்து, புற்றை ஒரே துண்டாக எடுப்பது). கத்தி பிடிக்கப் பழகியவர்கள்கூட இதில் திணறுவது ஒரே காரணத்தால்: திசுவைத் தூக்கிப் பிடிக்க எண்டோஸ்கோப்பில் இன்னொரு கை இல்லை. அந்தக் கையை நூலால் உண்டாக்கலாம்.

இது, தனியாக எடுத்த பன்றி இரைப்பையில் பழகுவதற்கான குறிப்பு. நோயாளியிடம் என்றால், அனுபவமுள்ள மூத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதலில், பேஷன்ட் பிளேட் (மின்கத்தியின் மின்சாரம் திரும்பிப் போகும் தகடு) இரைப்பையின் வெளிச்சுவரோடு ஈரமாக, முழுசாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கத்தி சரியாக வெட்டாது. ஸ்கோப் முனையில் ஹூட் (ஒளி ஊடுருவும் சிறு மூடி) மாட்டுங்கள். புற்று இருப்பதாக வைத்துக்கொண்ட இடத்துக்கு 5 மி.மீ. வெளியே சுற்றிலும் புள்ளி வையுங்கள். இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயம் கலந்த திரவத்தைச் சப்மியூகோசாவில் (உள் சவ்வான மியூகோசாவுக்கும் தசைக்கும் இடையிலுள்ள அடுக்கு) செலுத்துங்கள். வெறும் சலைன் சீக்கிரம் வடிந்துவிடும். சீக்கிரம் வடியாத பிசுபிசுப்பான ஹயலுரோனேட் கரைசல்தான் என் தேர்வு. அப்புறம் புள்ளிகளுக்கு வெளியே சுற்றி வெட்டுங்கள். புதிதாகப் பழகுபவருக்கு ஐடி கத்தியைத்தான் (மின்காப்பு நுனியுள்ள கத்தி) சொல்வேன். நுனியில் உள்ள பீங்கான் குமிழ், தசை துளைபடும் ஆபத்தைக் குறைக்கிறது. நுழைவதற்கான முதல் துளையை மட்டும் ஊசிக் கத்தியால் போட வேண்டும்.

இனி நிதானமாகச் செய்ய வேண்டிய கட்டம். ஸ்கோப்பை முழுவதும் வெளியே எடுங்கள். கிளிப்பை (திசுவைக் கவ்வும் சிறு உலோக இடுக்கி) ஸ்கோப்பின் கருவிக் குழாயான சேனல் வழியாக நுழைத்து, முனைக்கு வெளியே விரியுங்கள். நூலை ஒரு காலில் மட்டும் கட்டி, முடிச்சின் வாலை ஒட்ட நறுக்குங்கள். இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டினால் கிளிப் விரியாது. கிளிப்பை ஹூட்டுக்குள் மறையும்வரை இழுத்துக்கொண்டு, நூல் ஸ்கோப்பைச் சுற்றிக்கொள்ளாமல் உள்ளே போங்கள். நூல் ஸ்கோப்புக்கு வெளியே, பக்கவாட்டில்தான் வர வேண்டும்.

வெட்டிய விளிம்பில் மியூகோசாவை மட்டும் கவ்வுங்கள். தசையும் சேர்ந்து மாட்டினால், இழுக்கும்போது அதுவும் மேலெழும். அதன் மேல் கத்தி பட்டால் ஓட்டைதான். சரியாகக் கவ்வியிருந்தால், நூலை லேசாக இழுத்ததுமே நீல நிறச் சப்மியூகோசா விரிந்து, வெட்ட வேண்டிய கோடு கண்ணெதிரே தெரியும்.

நூல் எப்போதும் வாய்ப் பக்கம்தான் இழுக்கும். எனவே எல்லா இடத்திலும் ஒரே பலன் கிடைக்காது. ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் நேரம் மிச்சமாகவில்லை. ஆனால் இரைப்பையின் மேல், நடுப் பகுதிகளில் பெருவளைவில் (இரைப்பையின் நீண்ட வெளி வளைவு) இருந்த புற்றுகளுக்கு நேரம் ஏறக்குறைய பாதியானது. அங்கே நூல் திசுவைச் செங்குத்தாகத் தூக்குவதுதான் காரணம். பழகவும் அந்த இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

பின்சேர்க்கை: கிளிப் நழுவுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் சுற்று வெட்டு ஆழம் போதாததே காரணம். கிளிப் போடும் முன் விளிம்புக்கு அடியில் இன்னும் கொஞ்சம் அறுத்து, ஒரு சிறு மடல் எழும்பச் செய்யுங்கள். உதவியாளர் நூலை விரலில் சுற்றிக்கொள்ளாமல், இரண்டு விரல் நுனியில் பிடித்தாலே போதும். ரத்தக்கசிவை நிறுத்தும் பழக்கம் மட்டும் இதில் வராது. ரத்த ஓட்டமில்லாத இரைப்பை என்பதால் அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.