தலைப்புல கேள்விக்குறி போடறதுக்கு முன்னாடி

தர்மபுரில புத்தகத் திருவிழா மலரா இருந்தாலும் சரி, ஸ்கூல் ஆண்டு மலரா இருந்தாலும் சரி, கட்டுரை கேட்டா பாதிக்கு மேல கேள்வித் தலைப்போடதான் வருது. கேள்வி வைக்கிறது தப்புன்னு சொல்லல, நல்லா வச்சா ஆளை இழுத்து உக்கார வைக்கும், ஆனா பல பேரு அத சும்மா அலங்காரத்துக்கு வைக்கிறாங்க, அதுதான் பிரச்சனை.

மொதல்ல இந்த 'ஆ' போட்டு முடிக்கிற கேள்வி. "தகடூர்தான் தர்மபுரியா?" ஆமாங்க, ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அப்புறம் எதுக்கு உள்ள வந்து படிக்கணும்? இதுக்கு நேர் எதிரா "ஒகேனக்கல் இனி அவ்வளவுதானா?"ன்னு பயமுறுத்திட்டு, கடைசி பாரால "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னு முடிக்கிறவங்க இருக்காங்க. இயன் பெட்டரிட்ஜ்னு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 2009லயே இத கிண்டல் பண்ணிட்டார், கேள்விக்குறில முடியற எந்தத் தலைப்புக்கும் 'இல்லை'ன்னே பதில் சொல்லிடலாம்னு. ஏன், எப்படின்னு கேக்கற தலைப்புக்கு அது ஒத்து வராது, ஆனா 'ஆ' தலைப்புக்கு பெரும்பாலும் சரியாத்தான் இருக்கு.

அதே விஷயத்த கொஞ்சம் திருப்பிப் பாருங்க. "அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி குடுத்தாரா?"ன்னு கேட்டா, குடுத்தார், புறநானூறு 91ல இருக்கு, முடிஞ்சது கதை. "அந்தக் கனிய அதியமான் ஏன் தானே சாப்பிடல?"ன்னு வச்சா எழுத இடம் கெடைக்குது. ஏன்னா அந்தப் பாட்டுலயே அவ்வை என்ன சொல்றாங்கன்னா, பழத்தோட பலனை வாயத் திறந்து சொல்லாம உன் மனசுக்குள்ளயே அடக்கிக்கிட்டு, நான் சாகாம இருக்கணும்னு எனக்குக் குடுத்துட்டியேங்கறாங்க. ஒரு ராஜா ஏன் அத மறைச்சான்னு யோசிச்சாலே நாலு பக்கம் வரும்.

ஆனா 'ஏன்'லயும் ஒரு பொறி இருக்கு. "கிருஷ்ணகிரி மாம்பழம் ஏன் ருசி கொறஞ்சு போச்சு?"ன்னா, கொறஞ்சுதுன்னு யார் சொன்னது? அத நிரூபிக்காமலே தலைப்புல சத்தமில்லாம நுழைச்சிட்டீங்க. பெரியாரோட "பெண் ஏன் அடிமையானாள்?" தலைப்பும் பெண் அடிமையாத்தான் இருக்கான்னு முடிவு பண்ணிட்டுதான் ஆரம்பிக்குது, ஆனா உள்ள கற்பு, காதல், மறுமணம், சொத்துரிமை, கர்ப்பத்தடைன்னு ஒவ்வொரு அத்தியாயமா அதுக்குக் கணக்கு சொல்லியிருக்கார். அந்த அளவுக்கு உள்ள சரக்கு இருந்தா தாராளமா வைங்க.

நம்ம மொழில இன்னொரு விஷயம், 'ஆ' எங்க ஒட்டுதோ அங்கதான் சந்தேகம் போய் உக்காரும். பெங்களூரான்னு ஒரு மாங்காய் ரகம் இருக்கு, அத வச்சே பாருங்க. "பெங்களூரா மாங்காய்க்கு இந்த வருஷம் வெல இல்லையா?"ன்னா வெலயப் பத்தின கேள்வி. "இந்த வருஷமா வெல இல்ல?"ன்னா வருஷத்து மேல சந்தேகம், போன வருஷமும் இதே கதைதானேன்னு யாரோ சண்டைக்கு வர்ற மாதிரி. "பெங்களூராவுக்கா வெல இல்ல?"ன்னா மாங்கூழ் ஆலைக்கு லோடு லோடா போற காய்க்கேவான்னு ஆச்சரியம். கட்டுரை எதப் பத்தினதோ அந்த எடத்துல ஒட்டுங்க, அவசரத்துல நெறைய பேரு இத மாத்திப் போட்டுடறாங்க.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற வகை ஒண்ணு இருக்கு, "சங்கப் பணம் எங்க போச்சு?", "செயலாளர் கமிஷன் வாங்கினாரா?" மாதிரி. கையில ஆதாரம் இல்ல, அதனால கேள்விக்குறி. நான் கேள்விதானே கேட்டேன்னு தப்பிச்சிக்கலாம்னு நெனப்பு. பழைய தண்டனைச் சட்டம் 499லயும் சரி, இப்ப இருக்கற பாரதிய நியாய சன்ஹிதா 356லயும் சரி, இதுவா அதுவான்னு மாத்திச் சொன்னாலும் குத்தலா சொன்னாலும்கூட அவதூறு ஆகலாம்னு விளக்கமாவே போட்டிருக்கு. கேள்விக்குறி கேடயம் கெடையாது. ஆதாரம் இருந்தா நேரா எழுதுங்க, இல்லன்னா எழுதாதீங்க.

பதில் யாருக்குமே தெரியாத விஷயமா? பரவால்ல, பள்ளிக்கூடத்துல நன்னூல்ல படிச்ச ஆறு வினாவுல ஐயவினாவும், அதாவது சந்தேகத்துல கேக்கற கேள்வியும், ஒண்ணுதானே. ஆனா மொதல் பாராவுலயே இதுக்கு முடிவு கெடைக்காது, ரெண்டு பக்க வாதத்தையும்தான் வைக்கப் போறேன்னு சொல்லிடணும், கடைசி வரைக்கும் இழுத்துட்டு "நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னு கைய விரிச்சா படிச்சவனுக்கு கோவம் வரத்தான் செய்யும்.

அப்புறம் சில்லறைத் தப்பு. "மாமரம் ஏன் காய்க்கவில்லை என ஒரு பார்வை?" இதுக்குக் கேள்விக்குறியே வேணாம், இது கேள்வியே இல்ல. ஒரே தலைப்புல ரெண்டு கேள்வி, கேள்விக்குறி பக்கத்துலயே ஆச்சரியக்குறி, இதெல்லாம் எடிட் பண்றவங்க மொதல்ல அழிக்கிறது.