பாத்தூர் மலையில் விடியல் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பாலித் தீவின் கிந்தாமணிப் பகுதியில் உள்ள பாத்தூர் எரிமலை 1,717 மீட்டர் உயரம்தான். விடிவதற்கு முன் கிளம்பினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். இவ்வளவு சுலபமாக இருப்பதால், நல்ல படம் எடுக்க ஏற்ற இடம் என்ற எண்ணத்தோடு மட்டுமே பலர் போகிறார்கள். பெரும்பாலான தவறுகளுக்கு அந்த எண்ணம்தான் காரணம்.

அங்குள்ளவர்களுக்கு அது கோயிலோடு சேர்ந்த மலை. அடிவாரத்து ஏரியின் தெய்வம் தேவி தானு. தங்கள் வயல்களுக்கு அவள்தான் நீர் தருகிறாள் என்பது பாலி விவசாயிகளின் நம்பிக்கை. 1917 இல் எரிமலை வெடித்தபோது நெருப்புக் குழம்பு கோயிலை நெருங்கி வந்து நின்றுவிட்டது. 1926 இல் வந்த குழம்பு ஊரையும் கோயிலையும் சேர்த்து மூடியது. மக்கள் எரிமலைப் பள்ளத்தின் மேட்டு விளிம்புக்குக் குடிபெயர்ந்து, அங்கே கோயிலைத் திரும்ப எழுப்பினார்கள். அதுதான் இன்றைய புரா உலுன் தானு பாத்தூர். இந்தக் கதை தெரிந்து ஏறுகிறவரின் நடையே வேறாக இருக்கும்.

கைடு இல்லாமல் ஏற முயல்வது அடிக்கடி நடக்கும் தவறு. பாத்தூரில் உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்பதில் வழிகாட்டிகளின் சங்கம் கண்டிப்பாக இருக்கிறது. சிலர் கைடை அமர்த்திக்கொண்டு, ஏறத் தொடங்கியதும் அவசரப்படுத்துகிறார்கள். வழியில் அவர் நின்று, தென்னங்குருத்துத் தட்டில் பூ வைத்து ஊதுபத்தி ஏற்றிப் பிரார்த்திக்கக்கூடும். அந்தப் படையலின் பெயர் சானாங் சாரி. அந்த இரண்டு நிமிடம் அமைதியாக நில்லுங்கள். அவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். தரையில் இருக்கும் சானாங்கைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது. இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் டார்ச்சைக் காலடியில் காட்டி நடங்கள்.

நம்மூர்க்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘நாமும் இந்துக்கள்தானே, எல்லாம் தெரியும்’ என்று கோயிலுக்குள் போய்விடுவது. பாலிக் கோயிலின் அமைப்பே வேறு. திறந்த முற்றங்கள் இருக்கும், பத்மாசனம் என்ற உயர்ந்த கல் இருக்கை சிலையின்றிக் காலியாக இருக்கும். தீர்த்தம் தெளித்து, அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்வார்கள். கர்ப்பகிரகத்தைத் தேடுவதும், நாமே கற்பூரம் ஏற்றுவதும் வேண்டாம். லுங்கி போலச் சுற்றும் சாரோங்கும், அதன் மேல் இடுப்பில் கட்டும் துணிப்பட்டையும் கட்டாயம். கும்பிடுகிறவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது, பூசாரியைவிட உயரமான இடத்தில் நிற்கக்கூடாது. மாதவிடாயில் இருப்பவர்களும் வீட்டில் துக்கம் நடந்தவர்களும் கோயிலுக்குள் போவதில்லை. மலைக்கு என்ன வழக்கம் என்பதைக் கைடிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

உச்சியில் ஆடையில்லாமல் படம் எடுப்பதெல்லாம் தவறு என்று எழுதவே தேவை இருக்கக்கூடாது. ஆனால் 2023 இல் பாலியின் இன்னொரு எரிமலையான ஆகுங் மலையில் இப்படி ஒருவர் நடந்துகொண்டதால் நாடுகடத்தப்பட்டார். அதே ஆண்டு, மலைகள் புனிதமானவை என்று சொல்லி மலையேற்றத்தையே தடை செய்யப்போவதாக ஆளுநர் அறிவித்தார். ஒருவர் செய்ததற்கு அந்தத் தொழிலை நம்பியிருக்கும் எத்தனை குடும்பங்கள் பயந்திருக்கும்!

அப்புறம் உடல் சம்பந்தமானவை. வெப்பமண்டலத் தீவுதானே என்று டி-ஷர்ட்டோடு போனால், ஏறியபோது வந்த வியர்வை காயும்போது உச்சிக் காற்றில் நடுங்கிப்போவீர்கள். ஜாக்கெட் வேண்டும். எரிமலைச் சரளையில் இறங்கும்போதுதான் கால் அதிகம் வழுக்கும், அதனால் நல்ல பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஆவி வரும் பொந்துகளில் கையை விட வேண்டாம். குரங்குகளுக்குத் தீனி போடவும் வேண்டாம்.

பாத்தூரையும் ஆகுங்கையும் குழப்பிக்கொண்டு பதிவு செய்வதும் நடக்கிறது. ஆகுங் 3,000 மீட்டரைத் தாண்டுவது, இரவெல்லாம் ஏற வேண்டும். அதன் சரிவில் உள்ள பெசாகிக் கோயிலில் பெரிய விழா நடக்கும் நாட்களில் அங்கே ஏற விடமாட்டார்கள். மாட்டிறைச்சி கொண்டுபோகவும் கூடாது. நியேப்பி என்னும் மௌன நாளில் தீவு முழுக்க யாரும் வெளியே வரமாட்டார்கள், விமான நிலையமே மூடியிருக்கும். ஆண்டுதோறும் தேதி மாறும், பெரும்பாலும் மார்ச்சில் வரும். டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

இறங்கியதும் நேராக வெந்நீர் ஊற்றுக்குப் போய் அன்றைய பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள் பலர். சாரோங்கைப் பையில் வைத்திருந்தால், திரும்பும் வழியில் உலுன் தானு கோயிலுக்கும் போய்வரலாம்.